கையெழுத்திலிருந்து பின்னோக்கி: விமானப் பராமரிப்புப் பொறியாளர் உரிமத்துக்கான படிப்பைத் தேர்ந்தெடுப்பது எப்படி?

பராமரிப்பு முடிந்த ஒரு பயணிகள் விமானம் மீண்டும் பறக்க வேண்டுமானால், செய்த வேலை முறைப்படி முடிந்திருக்கிறது என்று உரிமம் பெற்ற ஒருவர் கையெழுத்திட்டாக வேண்டும். விமானி எவ்வளவு மூத்தவராக இருந்தாலும், பயணிகள் அனைவரும் இருக்கையில் அமர்ந்து பெல்ட் மாட்டிவிட்டாலும், அந்தக் கையெழுத்து விழாதவரை விமானம் நிற்கும் இடத்திலேயே நிற்கும். விமானங்களைப் பழுதுபார்க்கும் கொட்டகையான ஹேங்கரில் சி.ஆர்.எஸ். என்று சுருக்கமாக அழைக்கப்படும் அந்தச் சான்றில் கையெழுத்திடும் தகுதியைத் தருவதுதான் விமானப் பராமரிப்புப் பொறியாளர் உரிமம், ஏ.எம்.இ. என்ற மூன்றெழுத்துக்கு இருக்கும் மதிப்பெல்லாம் அந்தக் கையெழுத்தின் மதிப்பே. பிளஸ் டூ முடித்த மாணவரும் பெற்றோரும் படிப்பைத் தேர்ந்தெடுக்க உட்காரும்போது, நிறுவனங்களின் விளம்பரத்தை விரித்து வைத்துக்கொண்டு தொடங்காமல், இந்தக் கையெழுத்தில் தொடங்கிப் பின்னோக்கி நடந்து வந்தால், எந்தப் பாதை எங்கே கொண்டுபோய் விடும் என்பது பெரும்பாலும் தெளிவாகிவிடும். இந்தியாவில் நடைமுறையில் உள்ள விதிகளை அடிப்படையாகக் கொண்டு அந்த நடையை இங்கே விளக்குகிறேன்.

முழு உரிமம் என்பதில் எவையெல்லாம் அடங்கும்

உரிமம் வழங்கும் அதிகாரம் சிவில் விமானப் போக்குவரத்துத் தலைமை இயக்குநரகத்துக்கு, அதாவது டி.ஜி.சி.ஏ.வுக்கு மட்டுமே உண்டு. எந்தக் கல்லூரியும், எந்தப் பல்கலைக்கழகமும், எந்தப் பயிற்சி நிறுவனமும் உரிமம் வழங்குவதில்லை. சி.ஏ.ஆர். என்பது டி.ஜி.சி.ஏ. வெளியிடும் சிவில் விமானப் போக்குவரத்து விதிகள்; அவற்றில் சி.ஏ.ஆர். 66 என்ற விதித்தொகுப்பு உரிமத்தையும், சி.ஏ.ஆர். 147 பயிற்சி நிறுவனங்களையும், சி.ஏ.ஆர். 145 பராமரிப்பு நிறுவனங்களையும் ஒழுங்குபடுத்துகின்றன. இந்த மூன்று எண்களும் இந்தத் துறையில் காலையிலிருந்து மாலைவரை காதில் விழுந்துகொண்டே இருக்கும் என்பதால், இப்போதே மனத்தில் பதித்துக்கொள்வது நல்லது.

ஒரு பெரிய விமானத்துக்குக் கையெழுத்திட ஐந்து படிகளைக் கடக்க வேண்டும். உங்கள் பிரிவுக்குரிய மாட்யூல், அதாவது பாடப்பகுதித் தேர்வுகள் அனைத்திலும் தேற வேண்டும். பறந்துகொண்டிருக்கும் விமானங்களில் விதி சொல்லும் காலம் வேலை செய்து அதை ஆவணப்படுத்த வேண்டும். அவற்றைக் காட்டி அடிப்படை உரிமம் பெற வேண்டும். பின்னர் ஏ320 அல்லது போயிங் 737 போன்ற ஒரு குறிப்பிட்ட விமான வகைக்கான டைப் ரேட்டிங்கை அந்த உரிமத்தில் சேர்க்க வேண்டும். கடைசியாக, நீங்கள் வேலை செய்யும் சி.ஏ.ஆர். 145 நிறுவனம் தன் பெயரில் கையெழுத்திட உங்களுக்கு எழுத்துமூலம் அங்கீகாரம் தர வேண்டும். பயிற்சி நிறுவனத்துக்கு நீங்கள் கட்டும் கட்டணம் இவற்றில் முதல் படிக்கான தயாரிப்பையும், இரண்டாம் படியின் காலக்குறைப்பையும் மட்டுமே வாங்கித் தருகிறது. "நான்கே ஆண்டில் உரிமம் உறுதி" என்று யாராவது சொன்னால், ஐந்து படிகளில் எவற்றுக்கு அவர் உறுதி அளிக்கிறார் என்று கேளுங்கள். அந்த ஒரு கேள்வியிலேயே பாதி உரையாடல்கள் முடிந்துவிடும்.

பெயரில் ஏமாற வேண்டாம்

தமிழ்நாட்டில் ஆண்டுதோறும் நடக்கும் ஒரு குழப்பத்தை முதலிலேயே தீர்த்துவிடலாம். ஏரோநாட்டிகல் பொறியியலில் பி.இ. படித்தால் விமானத்தைப் பழுதுபார்க்கும் பொறியாளர் ஆகிவிடலாம் என்ற நம்பிக்கை பல வீடுகளில் இருக்கிறது. அந்தப் படிப்பு விமானத்தை வடிவமைக்கவும், கணக்கிடவும், ஆராயவும் சொல்லித் தருவது, குரோம்பேட்டை எம்.ஐ.டி.யில் அதைப் படித்த அப்துல் கலாம் சென்று சேர்ந்த இடமும் ஆராய்ச்சியும் ஏவூர்தியும்தான். நல்ல படிப்பு, மரியாதைக்குரிய படிப்பு, ஆனால் அந்தப் பட்டத்தைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு டயரை மாற்றியதற்குக்கூடக் கையெழுத்திட முடியாது. பட்டம் முடித்த பிறகு உரிமத்தை நோக்கித் திரும்புகிறவர் மாட்யூல் தேர்வுகளையும் அனுபவ ஆண்டுகளையும் மற்றவர்களைப் போலவே கடக்க வேண்டியிருக்கும்.

பி.எஸ்சி. விமானப் பராமரிப்பு போன்ற பட்டங்களின் நிலை சற்று வேறு. அந்தப் பட்டத்தை நடத்தும் வளாகத்துக்கு சி.ஏ.ஆர். 147 ஒப்புதல் இருந்து, அந்த ஒப்புதலின் கீழ் நடக்கும் வகுப்பும் பட்ட வகுப்பும் சேர்ந்தே நடந்தால், உரிமப் பாதையும் பட்டமும் ஒருசேரக் கிடைக்கும். ஒப்புதல் இல்லாத வளாகத்தில் அதே பெயருள்ள பட்டம் படித்தால் பட்டம் மட்டுமே கிடைக்கும். உரிமத்துக்குப் பட்டம் தேவையில்லை என்றாலும், வெளிநாட்டு வேலை விசாவுக்கும் பிற்காலத்தில் நிர்வாகப் பொறுப்புகளுக்கும் அது உதவும் என்பதால், கூடுதல் செலவு தாங்கக்கூடியதாக இருந்தால் இரண்டையும் சேர்த்துப் படிப்பதில் தவறில்லை.

எந்தப் பிரிவு

உரிமத்தில் பிரிவுகள் உண்டு. பிரிவைத் தவறாகத் தேர்ந்தெடுப்பது, நிறுவனத்தைத் தவறாகத் தேர்ந்தெடுப்பதைவிடக் கூடுதலாகக் காலத்தைத் தின்னும். பி1 என்பது விமானத்தின் உடல், எஞ்ஜின், இயந்திர அமைப்புகள், மின்சார அமைப்புகள் ஆகியவற்றுக்கானது. அதற்குள் நான்கு உட்பிரிவுகள்: டர்பைன் எஞ்ஜின் விமானங்களுக்கு பி1.1, பிஸ்டன் எஞ்ஜின் விமானங்களுக்கு பி1.2, டர்பைன் ஹெலிகாப்டர்களுக்கு பி1.3, பிஸ்டன் ஹெலிகாப்டர்களுக்கு பி1.4. பி2 என்பது ஏவியானிக்ஸ் பிரிவு; வழிகாட்டும் கருவிகள், வானொலி, ரேடார், ஆட்டோபைலட், மின்சாரம் ஆகியவை அதில் அடங்கும். பி1 உரிமம் உள்ளவரும் ஏவியானிக்ஸ் பெட்டி ஒன்றை மாற்றி, எளிய சோதனையால் அது இயங்குகிறது என்று காட்ட முடியுமானால் கையெழுத்திடலாம். கோளாறு எங்கே என்று தேடிக் கண்டுபிடிக்க வேண்டிய வேலை பி2 உரிமம் உள்ளவருடையது. ஏ பிரிவு சிறிய வழக்கமான வேலைகளுக்கும் எளிய பழுதுகளுக்கும் உரியது. அதிலும் தான் கைப்படச் செய்த வேலைக்கு மட்டுமே கையெழுத்திடலாம். சி பிரிவு, செக் எனப்படும் பெரிய கால முறை ஆய்வு முடிந்து முழு விமானத்தையும் விடுவிப்பதற்கானது என்பதால், தொடக்க நிலை மாணவர் அதைப் பற்றி இப்போது யோசிக்க வேண்டியதில்லை.

இண்டிகோ, ஏர் இந்தியா, ஆகாசா போன்ற விமான நிறுவனங்களில் வேலை செய்ய விரும்புகிறவருக்குத் தேர்வு பி1.1, பி2 ஆகிய இரண்டுக்கும் இடையில்தான். ஏ.டி.ஆர். 72 போன்ற விசிறி சுழலும் விமானங்களும் டர்பைன் வகையே என்பதால் அவையும் பி1.1-இல் அடங்கும். எது உயர்ந்தது என்ற கேள்விக்கு விடை கிடையாது. ஆனால் எது யாருக்குப் பொருந்தும் என்று ஓரளவு சொல்ல முடியும். கையில் கிரீஸ் படுவதைப் பொருட்படுத்தாதவர், ஒரு பொருள் எப்படிப் பொருத்தப்பட்டிருக்கிறது என்று சுற்றிச் சுற்றிப் பார்க்கிறவர் பி1.1-இல் மகிழ்ச்சியாக இருப்பார். வீட்டில் ரேடியோவைப் பிரித்துப் போட்டுத் திட்டு வாங்கியவர், சர்க்யூட் வரைபடத்தைப் பொறுமையாகப் பின்தொடரக்கூடியவர் பி2-க்கு உரியவர். ஒரு நிலையத்தில் அன்றாடம் நடக்கும் வேலைகளில் சக்கரம், பிரேக், எண்ணெய், எஞ்ஜின் ஆய்வு போன்றவை மிகுதி என்பதால் பி1.1 உள்ளவர்கள் கூடுதலாகத் தேவைப்படுவார்கள். பி2 உள்ளவர்கள் எண்ணிக்கையில் குறைவாகத் தேவைப்பட்டாலும், இன்றைய விமானங்களில் எல்லாமே கணினி வழியாகப் பேசிக்கொள்வதால், நல்ல ஏவியானிக்ஸ் ஆளை நிறுவனங்கள் எளிதில் விட்டுவிடுவதில்லை. காலப்போக்கில் இரண்டையும் சேர்த்து வைத்துக்கொள்வது சாத்தியமே. முதல் ஒன்றை உறுதியாகப் பெற்ற பிறகு, கூடுதல் மாட்யூல்களையும் கூடுதல் அனுபவத்தையும் கொண்டு அடுத்ததைச் சேர்க்கலாம்.

பி1.2, பி1.3 பிரிவுகளைக் குறைத்து மதிப்பிட வேண்டாம். விமானிகளுக்குப் பயிற்சி தரும் பள்ளிகளில் செஸ்னா 172 போன்ற பிஸ்டன் விமானங்கள்தான் ஓடுகின்றன. கடலில் எண்ணெய் மேடைகளுக்கு ஆட்களை ஏற்றிச் செல்லும் ஹெலிகாப்டர்கள் டர்பைன் வகை. அந்த வேலைகளை மனத்தில் வைத்து அந்தப் பிரிவைத் தேர்ந்தெடுப்பது நியாயமான முடிவு. இடம் கிடைத்தது, கட்டணம் குறைவு என்பதற்காக மட்டும் அவற்றில் சேர்ந்துவிட்டு, படிப்பு முடிந்ததும் ஏ320-க்கு விண்ணப்பிக்கப் போகும்போதுதான் சிக்கல் தலைகாட்டும்.

அனுபவ ஆண்டுகளே உண்மையான படிப்பு

பாதைகளைப் பிரித்துக் காட்டுவது அனுபவக் கணக்குதான். பி1.1, பி1.3, பி2 ஆகியவற்றுக்கு, முன்பயிற்சி எதுவும் இல்லாதவர் பறக்கும் விமானங்களில் 5 ஆண்டு பராமரிப்பு அனுபவம் பெற வேண்டும். தொடர்புடைய தொழிற்பயிற்சி என்று டி.ஜி.சி.ஏ. ஏற்கும் பயிற்சியை முடித்தவருக்கு 3 ஆண்டு, சி.ஏ.ஆர். 147 ஒப்புதல் பெற்ற அடிப்படைப் படிப்பை முடித்தவருக்கு 2 ஆண்டு. ஏ, பி1.2, பி1.4 ஆகியவற்றுக்கு இந்தக் கணக்கு முறையே 3, 2, 1 ஆண்டு. தேவைப்படும் அனுபவத்தில் குறைந்தது ஓராண்டு, நீங்கள் கேட்கும் பிரிவைச் சேர்ந்த விமானத்தில், அண்மைக் காலத்தில் பெற்றதாக இருக்க வேண்டும்.

இதில் 'பறக்கும் விமானம்' என்ற சொல்லைக் கவனியுங்கள். பயிற்சி நிறுவனத்தின் முற்றத்தில் நிற்கும், எப்போதோ ஓய்வு பெற்ற விமானத்தில் கற்பது படிப்பின் செய்முறைப் பகுதிக்கு உதவும். அனுபவ ஆண்டுக் கணக்கில் அது சேராது. ஒப்புதல் பெற்ற பி1.1 அல்லது பி2 படிப்புக்கு 2400 மணி நேரம் வகுக்கப்பட்டிருக்கிறது. அதில் பாதிக்குச் சற்றுக் கூடுதலான பகுதி வகுப்பறைப் பாடமாகவும் மற்றது செய்முறையாகவும் அமையும். வகுப்பு ஏறக்குறைய இரண்டு ஆண்டு, அதன்பின் அனுபவம் இரண்டு ஆண்டு, ஆக நான்கு என்று எல்லோரும் சொல்லும் கணக்கு இங்கிருந்துதான் வருகிறது. ஆனால் அந்த இரண்டாவது இரண்டு ஆண்டுக்கு ஒரு சி.ஏ.ஆர். 145 நிறுவனம் உங்களை உள்ளே விட வேண்டும். எல்லா மாட்யூல்களும் தேறிவிட்டு, அனுபவம் பெற இடம் கிடைக்காமல் வீட்டில் உட்கார்ந்திருப்பவரின் நிலை, எல்லாம் இருந்தும் வாசல் சாவி இல்லாத வீட்டுக்காரரின் நிலைதான். ஆகவே நிறுவனத்தைத் தேர்ந்தெடுக்கும்போது வகுப்பறையைவிட, அந்த நிறுவனத்தின் மாணவர்கள் படிப்புக்குப் பிறகு எந்த ஹேங்கரில் நுழைகிறார்கள் என்பதையே முதலில் பார்க்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

நிறுவனத்தைச் சோதிக்கும் முறை

ஒப்புதல் பெற்ற பயிற்சி நிறுவனங்களின் பட்டியலை டி.ஜி.சி.ஏ. தன் இணையதளத்தில் வெளியிடுகிறது. முதலில் அந்தப் பட்டியலில் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். பெயர் மட்டும் போதாது, முகவரியும் பொருந்த வேண்டும், ஏனென்றால் ஒப்புதல் ஒரு வளாகத்துக்குத் தரப்படுவதே தவிர, அதே பெயரில் வேறு ஊரில் திறக்கப்படும் கிளைக்குத் தானாகப் போய்விடாது. அடுத்து, ஒப்புதல் எந்தப் பிரிவுகளுக்கு என்று படியுங்கள், பி1.1-க்கு மட்டும் ஒப்புதல் உள்ள இடத்தில் பி2 படித்தால் அந்தப் படிப்பு இரண்டாண்டு அனுபவம் போதும் என்ற சலுகையைப் பெற்றுத் தராது. ஒப்புதலின் செல்லுபடிக் காலத்தையும், அனுமதிக்கப்பட்ட மாணவர் எண்ணிக்கையையும் அலுவலகத்தில் கேட்டு, ஒப்புதல் கடிதத்தைக் கண்ணால் பார்த்துவிடுவது நல்லது. நல்ல நிறுவனம் இதைக் காட்டத் தயங்காது.

பிறகு நேரில் செல்லுங்கள். பெற்றோர் பெரும்பாலும் கட்டடத்தையும் விடுதியையும் உணவையும் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். பார்க்க வேண்டியது பட்டறை. கருவி அறையில் கருவிகள் எண்ணிடப்பட்டு, யார் எதை எடுத்தார் என்ற பதிவு இருக்கிறதா? போல்ட்டுகளை அளந்து முறுக்கும் டார்க் ரெஞ்சுகளில் அளவுச்சோதனை செய்த தேதி ஒட்டப்பட்டிருக்கிறதா? எஞ்ஜினைச் சுற்றி மாணவர்கள் நிற்கிறார்களா, அல்லது அதன்மேல் போர்த்திய துணியில் தூசி படிந்திருக்கிறதா? கருவிக் கட்டுப்பாடு என்பது இந்தத் தொழிலின் உயிர். எஞ்ஜின் அறைக்குள் மறந்து வைக்கப்பட்ட ஒரு ஸ்பேனர் என்ன செய்யும் என்று சொல்ல வேண்டியதில்லை. அதைப் பயிற்சிக் காலத்தில் பழக்காத இடம் வேறு எதைப் பழக்கினாலும் பயன் குறைவே.

பயிற்றுநர்களில் எத்தனை பேர் உரிமம் வைத்திருப்பவர்கள், எத்தனை ஆண்டு லைன் (பறப்புகளுக்கு இடையிலான) அல்லது பேஸ் (ஹேங்கரில் நடக்கும் பெரிய) பராமரிப்பில் இருந்தவர்கள் என்று கேளுங்கள். உண்மையான பராமரிப்புச் சூழலில் நடக்க வேண்டிய செய்முறைப் பகுதிக்கு எந்த சி.ஏ.ஆர். 145 நிறுவனத்துடன் ஒப்பந்தம் இருக்கிறது, அது இப்போதும் நடப்பில் இருக்கிறதா என்று கேளுங்கள். ஐந்து ஆண்டுகளுக்கு முன் சேர்ந்த வகுப்பில் எத்தனை பேர் எல்லா மாட்யூல்களிலும் தேறியிருக்கிறார்கள், எத்தனை பேர் கையில் இன்று உரிமம் இருக்கிறது என்று கேளுங்கள். வேலை கிடைத்தவர் பட்டியலைக் காட்டினால், அது உரிமப் பாதையிலுள்ள டெக்னீசியன் வேலையா, விமான நிலையத்தில் பொதிகளைக் கையாளும் வேலையா என்று பிரித்துக் கேளுங்கள். இரண்டாவதும் கௌரவமான வேலைதான், ஆனால் அதில் கழியும் ஆண்டுகள் அனுபவக் கணக்கில் வராது. இவை எல்லாவற்றையும்விட நம்பகமான தகவல் இறுதியாண்டு மாணவரிடம் கிடைக்கும். வாசலில் இருக்கும் தேநீர்க் கடையில் பத்து நிமிடம் நின்றால் போதும்.

மற்றப் பாதைகள்

147 படிப்பைத் தவிர வேறு வழியே இல்லை என்று எண்ண வேண்டாம். பாலிடெக்னிக் டிப்ளமா முடித்தவர் ஒரு பராமரிப்பு நிறுவனத்தில் டெக்னீசியனாகவோ அப்ரண்டிஸாகவோ சேர்ந்து, சம்பளம் அல்லது உதவித்தொகை பெற்றுக்கொண்டே, தானாகப் படித்து மாட்யூல்களை எழுதலாம். காலம் கூடும், கடன் குறையும். குடும்பத்தில் பெரிய கட்டணத்துக்கு வழியில்லாத, ஆனால் ஒழுங்காக உட்கார்ந்து படிக்கக்கூடிய பிள்ளைக்கு இது நல்ல பாதை என்றே நினைக்கிறேன். வேலைக்கு நடுவே படிப்பது கடினம் என்றாலும், காலையில் படித்ததை இரவு ஷிஃப்டில் கண்ணால் பார்க்கும் வாய்ப்பு வகுப்பறை மாணவருக்குக் கிடைப்பதில்லை. ஓசூருக்கு அருகில் ஏர் வொர்க்ஸ் நிறுவனமும், ஹைதராபாத்தில் ஜி.எம்.ஆர். ஏரோ டெக்னிக்கும், திருவனந்தபுரம், நாக்பூர் ஆகிய ஊர்களில் ஏர் இந்தியா எஞ்ஜினியரிங் சர்வீசஸ் நிறுவனத்தின் ஹேங்கர்களும் பெரிய பராமரிப்பு வேலை நடக்கும் இடங்கள். உங்கள் டிப்ளமா 3 ஆண்டுக் கணக்கில் வருமா, 5 ஆண்டுக் கணக்கில் வருமா என்பதை டி.ஜி.சி.ஏ.விடம் எழுத்தில் கேட்டு உறுதி செய்துகொண்ட பிறகே இந்தப் பாதையில் காலை வையுங்கள்.

விமானப் படையில் தொழில்நுட்பப் பிரிவில் பணியாற்றியவர்களின் அனுபவத்தையும் விதி கணக்கில் எடுத்துக்கொள்கிறது. தாம்பரத்தில் பயிற்சி பெற்று, சூலூர் பழுதுபார்ப்புத் தளத்தில் ஆண்டுக்கணக்கில் எஞ்ஜின்களோடு வாழ்ந்தவர் புதிதாகப் பிளஸ் டூ மாணவரோடு உட்கார வேண்டியதில்லை. ஆனால் படையின் ஆவண முறையும் சிவில் ஆவண முறையும் வேறு என்பதால், சிவில் சூழலில் கூடுதல் அனுபவம் கேட்கப்படும். ஓய்வு பெறுவதற்கு முன்பே பணிப் பதிவுகளை அதிகாரியின் சான்றுடன் திரட்டி வைத்துக்கொள்ள வேண்டும், வெளியே வந்தபிறகு அவற்றைப் பெறுவது பெரும்பாடு.

ஐரோப்பிய விமானப் பாதுகாப்பு அமைப்பான ஈசா தரும் உரிமத்தைப் பற்றி விளம்பரங்களில் நிறையப் பேசப்படுகிறது. இந்தியாவின் சி.ஏ.ஆர். 66 ஐரோப்பாவின் பார்ட் 66-ஐ ஒட்டி எழுதப்பட்டது என்பதால் பாடத்திட்டம் உறவினர் முகம்போலவே இருக்கும், ஆனாலும் டி.ஜி.சி.ஏ. தேர்வில் தேறியது ஈசா உரிமத்துக்குச் செல்லாது, ஈசா தேர்வுகளைத் தனியாக எழுத வேண்டும். வளைகுடா நாடுகளில் வேலை தேடுகிறவருக்கு ஈசா பயன் தரும். இந்தியாவிலேயே தொடங்கப் போகிறவர் டி.ஜி.சி.ஏ. உரிமத்தையும் ஒரு டைப் ரேட்டிங்கையும் முதலில் பெற்று, சில ஆண்டு கையெழுத்திட்ட பிறகு அடுத்ததை நினைப்பதே சிக்கனம்.

மாட்யூல் தேர்வுகளை எழுதும் வரிசை

கணிதம், இயற்பியலில் தொடங்கும் முதல் பத்து மாட்யூல்களில் மின்சாரம், மின்னணுவியல், டிஜிட்டல் நுட்பம், பொருள்களும் இணைப்பான்களும், பராமரிப்பு நடைமுறை, அடிப்படைக் காற்றியக்கவியல், மனிதக் காரணிகள், விமானச் சட்டம் ஆகியவை வருகின்றன. இவை பி1.1, பி2 ஆகிய இரண்டுக்கும் பொது. ஆழம் மட்டும் மாறும். அதன்பின் பி1.1-க்கு 11ஏ (விமான அமைப்புகள்), 15 (டர்பைன் எஞ்ஜின்), 17 (புரொப்பெல்லர்) ஆகியவையும், பி2-க்கு 13 (விமான அமைப்புகள்), 14 (உந்துவிசை) ஆகியவையும் உண்டு. தேர்ச்சி மதிப்பெண் 75 விழுக்காடு. பள்ளியில் 35 மதிப்பெண்ணுக்குப் பழகிய மனம் இந்த எண்ணைக் கேட்டதும் திடுக்கிடும். அது நியாயமான திடுக்கிடல்தான்.

8-ஆம் மாட்யூலும் 9-ஆம் மாட்யூலும் சிறியவை என்பதால் பலர் அவற்றை முதலில் எழுதித் தன்னம்பிக்கை பெறுகிறார்கள், அதில் பிழையில்லை. 7-ஆம் மாட்யூலைப் பட்டறைச் செய்முறை நடக்கும் பருவத்திலேயே எழுதிவிடுவது நல்லது. 11ஏ, 13, 15 ஆகியவை பெருங்கடல். அவற்றைச் செய்முறை தொடங்கிய பிறகு எழுதுகிறவர், படித்த வால்வையும் பம்பையும் கையில் தொட்டிருப்பார். நீண்ட காலம் தள்ளிப்போடப்படும் மாட்யூல் பெரும்பாலும் 5 அல்லது 4 ஆக இருக்கும். மெக்கானிக்கல் மாணவர்கள் மின்னணுவியலைக் கண்டு ஒதுங்குவது வழக்கமான பலவீனம், முதல் ஆண்டிலேயே அதை எதிர்கொள்வது நல்லது.

9-ஆம் மாட்யூலை, அதாவது மனிதக் காரணிகளை, கதைப் பாடம் என்று எண்ணிவிடாதீர்கள். 1990 ஜூன் 10 அன்று பர்மிங்காமிலிருந்து மலாகாவுக்குப் புறப்பட்ட பிரிட்டிஷ் ஏர்வேஸ் விமானம் ஒன்றின் முன்கண்ணாடி நடுவானில் பிய்த்துக்கொண்டு போனது. விமானி பாதி உடல் வெளியே தொங்க, பணியாளர்கள் காலைப் பிடித்துக்கொள்ள, துணை விமானி விமானத்தைத் தரையிறக்கினார். எல்லோரும் உயிர் பிழைத்தார்கள். அதற்கு முன் கண்ணாடியை மாற்றியவர், கழற்றிய பழைய போல்ட்டோடு கண்ணால் ஒப்பிட்டுப் புதியதை எடுத்திருந்தார். பொருத்தப்பட்ட 90 போல்ட்டுகளில் 84, விட்டத்தில் ஓர் அங்குலத்தின் ஆயிரத்தில் 26 பங்கு சிறியவை, மீதி ஆறும் நீளம் குறைந்தவை. அவர் அனுபவமுள்ள, நல்ல பெயர் எடுத்த பணியாளர் என்பதுதான் இதில் கவனிக்க வேண்டியது. பாகத்தின் எண்ணை ஆவணத்தில் பார்க்காமல் கண்ணை நம்பினால் என்ன ஆகும் என்பதை இந்தப் பாடம் சொல்லித் தருகிறது.

தமிழ்வழியில் படித்த மாணவர்கள் ஆங்கிலத்தை எண்ணித் தயங்குகிறார்கள். பராமரிப்புக் கையேடுகள் ஆங்கிலத்தில்தான் இருக்கும், தேர்வும் ஆங்கிலத்தில்தான். ஆனால் அந்தக் கையேடுகள் எளிமையாக்கிய தொழில்நுட்ப ஆங்கிலம் என்ற கட்டுப்பாட்டு முறையில் எழுதப்படுகின்றன. அதில் அனுமதிக்கப்பட்ட பொதுச் சொற்கள் சுமார் 900 மட்டுமே, ஒரு சொல்லுக்கு ஒரு பொருள், செய்முறை வாக்கியம் ஒன்றில் 20 சொற்களுக்கு மேல் இருக்கக் கூடாது. ஆங்கிலம் தாய்மொழியாக இல்லாதவர்கள் தவறாகப் புரிந்துகொள்ளக் கூடாது என்பதற்காகவே உருவான முறை இது. ஆங்கில நாளிதழைப் படிக்கத் தடுமாறுகிறவர்கூட ஓராண்டுப் பழக்கத்தில் கையேட்டைச் சரியாகப் படிக்க முடியும்.

லாக்புக்

அனுபவக் காலத்தின் ஒரே சாட்சி லாக்புக். எந்தத் தேதியில், எந்தப் பதிவெண் கொண்ட விமானத்தில், என்ன வேலையை, எந்தப் பணித்தாளின்படி செய்தீர்கள் என்பதை அன்றன்றே எழுதி, உடனிருந்த உரிமம் பெற்ற பொறியாளரிடம் கையெழுத்து வாங்கிவிடுங்கள். மாதக் கடைசியில் மொத்தமாக எழுதுவது தவறுகளுக்கு இடம் தரும். கையெழுத்திட வேண்டியவர் அதற்குள் வேறு ஊருக்கு மாற்றலாகிப் போயிருப்பார். விமான அமைப்புகள், ஏ.டி.ஏ. எனப்படும் விமானத் துறையின் பொது எண்முறையில், அத்தியாய எண்களால் பிரிக்கப்பட்டிருக்கின்றன: 24 மின்சாரம், 27 பறப்புக் கட்டுப்பாடு, 29 ஹைட்ராலிக், 32 லேண்டிங் கியர் என்று அவை நீளும். இரண்டு ஆண்டும் சக்கரம் மாற்றிய பதிவுகள் மட்டும் இருந்தால் விண்ணப்பத்தைப் பார்ப்பவருக்கு ஐயம் எழும். எனவே எந்த அத்தியாயங்கள் உங்கள் பதிவில் காலியாக இருக்கின்றன என்று மூன்று மாதத்துக்கு ஒருமுறை பார்த்து, ஷிஃப்ட் பொறுப்பாளரிடம் அந்த வேலைகளைக் கேட்டு வாங்குங்கள். அவர்களில் பெரும்பாலோர் கேட்கிற பையனுக்கும் பெண்ணுக்கும் தருவார்கள்.

உரிமம் கிடைத்த பிறகு

அடிப்படை உரிமம் கிடைத்ததும் வேலை முடிந்துவிடவில்லை. ஏ320, போயிங் 737 போன்ற விமானங்களுக்குக் கையெழுத்திட அந்தந்த வகைக்கான டைப் பயிற்சி தேவை; 30,000 கிலோவுக்கு மேற்பட்ட விமானத்துக்கு பி1.1-இல் பாடம் மட்டும் குறைந்தது 150 மணி, பி2-இல் 100 மணி, அதன்மேல் செய்முறையும், முதல் டைப் என்றால் பணியிடப் பயிற்சியும் உண்டு. இதைச் சொந்தப் பணத்தில் முன்கூட்டியே வாங்கி வைத்துக்கொள்ளும்படி சிலர் ஆலோசனை சொல்வார்கள். எந்த நிறுவனம் உங்களை எடுக்கும், அதனிடம் எந்த விமானம் இருக்கிறது என்று தெரியாமல் அவ்வாறு செய்வது, பெண் பார்ப்பதற்கு முன்பே தாலி செய்வதைப் போன்றது. வேலைக்கு எடுத்த நிறுவனமே டைப் பயிற்சிக்கு அனுப்புவதுதான் நல்ல வழி. அதற்கு ஈடாக அவர்கள் கேட்கும் பணிப்பிணைப்பு ஒப்பந்தத்தில் எத்தனை ஆண்டு, இடையில் விலகினால் எவ்வளவு தொகை, அந்தத் தொகை ஆண்டுக்கு ஆண்டு குறையுமா, பயிற்சியில் தேறாவிட்டால் என்ன ஆகும் என்ற நான்கையும் படித்த பிறகே கையெழுத்திடுங்கள்.

உரிமத்தின் அதிகாரத்தைத் தொடர்ந்து பயன்படுத்த, கடந்த இரண்டு ஆண்டில் குறைந்தது ஆறு மாதப் பராமரிப்பு அனுபவம் காட்ட வேண்டும். ஆகவே மேற்படிப்புக்கோ வேறு வேலைக்கோ இடையில் செல்ல நினைப்பவர், செல்லும் நாளையும் திரும்பும் நாளையும் இந்தக் கணக்கை வைத்தே குறித்துக்கொள்ள வேண்டும். பி1.1 அல்லது பி2 உரிமத்தோடு பெரிய விமானங்களில் மூன்று ஆண்டு கையெழுத்திட்டவருக்கு சி பிரிவுக்கு விண்ணப்பிக்கும் வழி திறக்கிறது. அந்த விண்ணப்பத்துக்கும் முதலில் எடுத்து வைக்க வேண்டியது பழைய லாக்புக்தான் என்பதால், அதைப் பத்திரமாக வைத்திருங்கள்.